சரக்கை ஏற்றுமுன் கேட்கப்பட வேண்டிய கேள்வி

கல்முனையில் பலசரக்குக் கடை நடத்தும் வர்த்தகர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவர் கொழும்பு புறக்கோட்டையில் 150 மூடை சீனியும் பருப்பும் கொள்வனவு செய்கிறார். விலையின் ஒரு பகுதியை ரொக்கமாகவும் மீதியை இரு வாரங்களுக்குப் பிந்திய திகதியிட்ட காசோலையாகவும் கொடுக்கிறார். தரகர் ஒருவர் தொலைபேசி மூலம் லொறியொன்றை ஒழுங்கு செய்கிறார். வழமையான கூலியைவிடச் சில ஆயிரம் ரூபா குறைவு என்பதால் வர்த்தகருக்கும் திருப்தியே. லொறி இரவோடு இரவாகப் புறப்படுகிறது. மஹியங்கனைக்கு அப்பால் அது பழுதடைந்து நின்றுவிட, கொட்டும் மழையில் மூடைகள் வேறொரு லொறிக்கு மாற்றப்படுகின்றன. மறுநாள் மாலை சரக்கு கல்முனையை வந்தடையும்போது 30 மூடை சீனி நனைந்து கரைந்திருக்கிறது. 4 மூடைகளைக் காணவே இல்லை.

இந்த நட்டத்துக்குப் பொறுப்பாளி யார்? சாரதியைக் கேட்டால், தாம் சம்பளத்துக்கு வாகனம் ஓட்டுபவர் என்கிறார். லொறி உரிமையாளர், தமக்குத் தரகரைத் தவிர வேறு எவரையும் தெரியாது என்கிறார். தரகரோ, லொறியைத் தேடிக் கொடுத்ததற்கான தரகுப் பணத்தை மாத்திரமே தாம் பெற்றதாகக் கூறுகிறார். பொருளை விற்ற மொத்த வியாபாரி, கடை வாசலில் ஏற்றிவிட்டதோடு தமது பொறுப்பு முடிந்துவிட்டது என்கிறார். ஆனால், இரு வாரங்களில் காசோலை மாத்திரம் தவறாது வங்கிக்கு வந்துவிடும்.

இது எவரோ ஒருவருக்கு எப்போதோ நேரும் துன்பம் அன்று. சிறு முதலீட்டுடன் தொழில் செய்யும் வர்த்தகர்களும், தமது விளைச்சலை வெளிமாவட்டங்களுக்கு அனுப்பும் விவசாயிகளும் எந்நேரமும் எதிர்நோக்கும் ஆபத்து இது. பொருளின் தரத்தையும் விலையையும் பல இடங்களில் விசாரித்து ஆராய்ந்து வாங்குபவர், அப்பொருள் முழுவதையும் ஒப்படைக்கும் லொறியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. கேட்கப்பட வேண்டிய அடிப்படைக் கேள்வி ஒன்றே: பொருள் போய்ச் சேராவிட்டால் அல்லது கெட்டுப் போனால் பொறுப்பேற்பவர் யார்? இக்கேள்விக்குச் சரக்கை ஏற்றுவதற்கு முன்னரே தெளிவான விடையளிக்கும் நிறுவனமே நம்பகமான நிறுவனமாகும். ஏனைய தகுதிகள் யாவும் அதன் பின்னரே கவனிக்கப்பட வேண்டியவை.

கேள்வி கேட்காப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இவ்விடயத்தில் எமது வர்த்தகர்களை மாத்திரம் குறை கூறுவது நியாயமாகாது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை அடுத்துத் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஆகஸ்ட் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டது. பாதை திறந்திருந்த காலத்திலும் ஓமந்தையிலும் முகமாலையிலும் பொருட்கள் இறக்கப்பட்டுச் சோதனையிடப்பட்டு மீண்டும் ஏற்றப்பட்டன. அந்நாட்களில் லொறியைத் தெரிவு செய்யும் நிலையில் எவரும் இருக்கவில்லை. பயணம் செய்ய அனுமதி பெற்றவர் எவரோ, அவரே நல்ல போக்குவரத்தாளர். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போதும் இதே நிலைமைதான். அப்போது டீசல் வைத்திருந்தவரிடமே சரக்கு ஒப்படைக்கப்பட்டது.

இன்று நிலைமை அவ்வாறில்லை. வடக்குக்கும் கிழக்குக்கும் செல்லும் பாதைகள் திறந்திருக்கின்றன. ஒரே ஊருக்குப் பல லொறிகள் போட்டியிட்டுக் கொண்டு ஓடுகின்றன. எனினும், கிடைத்ததே போதும் என்று கேள்வி கேளாது ஏற்றிவிடும் பழக்கம் மாத்திரம் இன்னும் எம்மை விட்டு அகலவில்லை. தெரிவு செய்யும் வாய்ப்பு வந்த பின்னரும் தெரிவு செய்யாதிருப்பது நாமாகத் தேடிக்கொள்ளும் நட்டமாகும்.

யாரிடம் ஒப்படைக்கிறோம்?

சரக்குப் போக்குவரத்தில் ஈடுபடுவோரைப் பொதுவாக நான்கு வகையினராகப் பிரிக்கலாம். முதலாவது வகையினர் ஓரிரு லொறிகளைச் சொந்தமாக வைத்து, பல சமயங்களில் தாமே ஓட்டிச் செல்பவர்கள். இரண்டாவது வகையினர் குறிப்பிட்ட ஊர்களுக்கு ஒழுங்காக லொறி ஓட்டும் சேவை நிலையங்கள். புறக்கோட்டையில் பலருடைய பொதிகளைச் சேர்த்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை போன்ற ஊர்களுக்கு அனுப்புபவர்கள் இவர்களே. மூன்றாவது வகையினர் சொந்தமாக லொறி எதுவுமின்றி, சரக்கு உடையவரையும் லொறி உடையவரையும் இணைத்துவிடும் தரகர்கள். நான்காவது வகையினர் களஞ்சியம், காப்புறுதி, கணினிப் பதிவு என்பவற்றுடன் இயங்கும் பெரிய நிறுவனங்கள்.

இவர்களில் ஒரு வகையினர் நல்லவர், மற்றொரு வகையினர் தீயவர் என்று கூறிவிட முடியாது. சொந்த லொறியைத் தாமே ஓட்டும் ஒருவர், தமது வாழ்வாதாரமே அதுவென்பதால் பெரிய நிறுவனத்தைவிட அக்கறையுடன் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும். ஆனால், அவருடைய லொறி பழுதடைந்தால் மாற்று லொறி அனுப்ப அவருக்கு வழியில்லை. சேவை நிலையத்துக்கு மாற்று லொறி உண்டு. ஆனால், அங்கே பலருடைய பொருட்கள் கலந்தே ஏற்றப்படும். ஐந்து பெட்டிகளை அனுப்புபவருக்குச் சேவை நிலையமும், முழு லொறிச் சுமையை அனுப்புபவருக்குத் தனி லொறியும், விலை உயர்ந்த இயந்திரங்களை அனுப்புபவருக்குப் பெரிய நிறுவனமும் பொருத்தமாக அமையலாம்.

தரகரிடம் செல்பவர்கள் ஒரு விடயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவர் வெறுமனே லொறியைக் காட்டிக்கொடுப்பவரா, அல்லது பொருளைக் கொண்டு சேர்ப்பதாகப் பொறுப்பேற்பவரா? காட்டிக்கொடுப்பவர் என்றால், லொறி உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் பெற்று அவரிடமே நேரடியாகப் பேச வேண்டும். அவ்வாறே, பொறுப்பேற்கும் நிறுவனமானது எமது சரக்கை வேறொருவரின் லொறிக்குக் கைமாற்றுமா என்பதையும் கேட்டறிய வேண்டும். பெரும்பாலான தகராறுகள் இவ்வாறு கைமாறும் இடத்திலேயே ஆரம்பிக்கின்றன.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்

நிறுவனத்தின் வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது அவமரியாதை அன்று. ஒழுங்காகத் தொழில் செய்பவர் அதனைத் தயக்கமின்றிக் காட்டுவார். பதிவும் நிலையான அலுவலகமும் உள்ளவரை நட்டம் ஏற்பட்டபின் தேடிச் செல்லலாம். கைத்தொலைபேசி இலக்கம் மாத்திரம் உள்ளவரைத் தேடிச் செல்ல வழியில்லை.

லொறியைப் பொறுத்தவரை நடைமுறையிலுள்ள வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், வாகனத் தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியன இருக்க வேண்டும். சாரதியின் அனுமதிப்பத்திரம் அவர் ஓட்டும் லொறியின் வகுப்புக்கு உரியதா என்பதும் முக்கியமானது. மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்டு 17,000 கிலோகிராம் வரையிலான லொறிகளுக்கு ஒரு வகுப்பும் அதற்கு மேற்பட்ட கனரக லொறிகளுக்கு வேறொரு வகுப்பும் உள்ளன. இவ்வாவணங்களைப் பொலிஸார் பார்க்கட்டும், எமக்கென்ன என்று சிலர் எண்ணுகின்றனர். உரிய அனுமதியற்ற சாரதி விபத்தை ஏற்படுத்தினால் காப்புறுதி நிறுவனம் நட்டஈடு வழங்க மறுக்க இடமுண்டு. அந்த மறுப்பின் பாரம் இறுதியில் சரக்கு உரிமையாளரின் தலையிலேயே விழும்.

மரம், கால்நடை போன்றவற்றை ஏற்றிச் செல்வதற்குத் தனியான அனுமதிகள் தேவை. அவற்றைப் பெறுவது பெரும்பாலும் பொருளுக்கு உரியவரின் கடமையாகும். எனினும், அனுபவமுள்ள போக்குவரத்தாளர் அதனை முன்கூட்டியே நினைவூட்டுவார். அதுவே அவருடைய தொழிலறிவுக்கு நல்லதோர் அடையாளம்.

லொறிக்கான காப்புறுதி சரக்குக்கான காப்புறுதி அன்று

எமது வர்த்தகர்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் தவறான எண்ணம் ஒன்றை இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். “லொறிக்கு முழுக் காப்புறுதி இருக்கிறது, பயமில்லை” என்று சொல்லப்படுவதைக் கேட்டுப் பலர் நிம்மதியடைகின்றனர். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக்கப்பட்டுள்ள காப்புறுதி, வாகனத்தால் மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் பாதிப்புக்கானதாகும். முழுக் காப்புறுதி என்பது அதனுடன் லொறிக்கு ஏற்படும் சேதத்தையும் உள்ளடக்குவது. லொறியின் மேலுள்ள சீனி மூடைக்கும் அந்தக் காப்புறுதிக்கும் பொதுவாக எவ்விதத் தொடர்பும் இல்லை. லொறி புரண்டால் லொறிக்காரருக்கு லொறியின் பெறுமதி கிடைக்கும். சரக்குக்காரருக்கு எதுவும் கிடைக்காது.

பயணத்திலுள்ள பொருட்களுக்கெனத் தனியான காப்புறுதி உண்டு. போக்குவரத்து நிறுவனம் அத்தகைய காப்புறுதியைப் பெற்றிருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாது, மேலும் மூன்று விடயங்களை ஆராய வேண்டும். ஒரு பயணத்துக்கு ஆகக்கூடியதாக எவ்வளவு தொகை வழங்கப்படும்? 10 இலட்சம் ரூபாவுக்கு வரையறுக்கப்பட்ட காப்புறுதியை நம்பி 40 இலட்சம் ரூபா பெறுமதியான சரக்கை ஏற்றுவதில் பொருளில்லை. எவ்வெச் சந்தர்ப்பங்கள் விலக்கப்பட்டுள்ளன? மழையில் நனைதல், ஆளின்றி நிறுத்தப்பட்ட வாகனத்திலிருந்து திருடப்படுதல், தாமதத்தால் மரக்கறியோ மீனோ அழுகுதல் போன்றவை விலக்குகளாக இருக்கக்கூடும். நட்டத்தின் முதற் பகுதியாக எவ்வளவு தொகையை நாமே ஏற்க வேண்டும்? மாதத்துக்குப் பல தடவைகள் சரக்கு அனுப்பும் வர்த்தகர்கள், போக்குவரத்தாளரின் காப்புறுதியில் தங்கியிராது தமது பெயரிலேயே ஆண்டு முழுவதற்குமான காப்புறுதி ஒன்றைப் பெற்றுக்கொள்வது விவேகமானது.

சட்டம் கூறுவது என்ன?

இலங்கையில் இவ்விடயத்துக்கான சட்ட அடிப்படை சுவாரசியமானது. எமது பொதுச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டமாக இருந்தபோதிலும், தரைவழியே பொருட்களைக் கூலிக்குக் கொண்டு செல்வோர் தொடர்பான பிணக்குகளில், சிறப்பான உள்நாட்டுச் சட்ட ஏற்பாடு இல்லாதவிடத்து, ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்பட வேண்டும் என 19ஆம் நூற்றாண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் விதித்துள்ளது. அந்த ஆங்கிலச் சட்ட மரபு இரு வகையினரை வேறுபடுத்துகிறது. கூலி தரும் எவரிடமிருந்தும் பொருளை ஏற்று எடுத்துச் செல்வதாகப் பகிரங்கமாகத் தொழில் நடத்துபவர் ஒரு வகை. அவர் மீது மிகக் கடுமையான பொறுப்பு சுமத்தப்படுகிறது. இயற்கை அனர்த்தம், பொருளின் இயல்பான குறைபாடு, அனுப்புபவரின் தவறு போன்ற சில காரணங்கள் தவிர, தமது கவனயீனம் இல்லாதபோதும் அவர் நட்டத்துக்குப் பொறுப்பாவார். தாம் விரும்பியவருடன் மாத்திரம் தனித்தனியே பேசி ஏற்றுபவர் மற்றைய வகை. அவருடைய பொறுப்பு உரிய கவனம் எடுத்தாரா என்பதோடு அடங்கிவிடுகிறது.

எனினும், இருவருமே தமது பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் வரையறுத்துக்கொள்ள முடியும். பற்றுச்சீட்டின் அடியில் அல்லது பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நிபந்தனைகள் இக்காரணத்துக்காகவே சேர்க்கப்பட்டவை. “சேதங்களுக்கு நாம் பொறுப்பல்ல” என்ற ஒரு வரி அதில் இருக்குமானால், அதனை வாசித்துவிட்டே பொருளை ஒப்படைக்க வேண்டும். அந்நிபந்தனையை மாற்ற இணங்குகிறாரா என்று கேட்கலாம். இணங்காவிடில் வேறு ஒருவரை நாடலாம், அல்லது நாமே காப்புறுதி செய்துகொள்ளலாம்.

எழுத்தின் பெறுமதிக்கு இன்னொரு சான்றும் உண்டு. வழக்குத் தொடர்வதற்கான கால எல்லையை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகளையும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகளையும் மாத்திரமே வழங்குகிறது. வாய்மொழியாகப் பேசியதை நிரூபிப்பதோ அதைவிடச் சிரமமானது. நீதிமன்றப் படியேறும் முன் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்க முற்பட்டாலும், கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருப்பவரின் பேச்சுக்கே அங்கு வலுவுண்டு.

சீட்டில் இருக்க வேண்டியவை

பொருளை ஏற்றும்போது பெறப்படும் சீட்டு வெறும் கூலிச் சீட்டாக இருத்தலாகாது. அனுப்புபவர், பெறுபவர், லொறி உரிமையாளர், சாரதி ஆகியோரின் பெயர்கள், லொறியின் இலக்கம், மூடைகளின் அல்லது பெட்டிகளின் எண்ணிக்கை, நிறை, ஏற்றும்போதிருந்த நிலை, பொருளின் பெறுமதி, ஏற்றிய திகதியும் நேரமும், ஒப்படைக்க வேண்டிய திகதி, பேசிய கூலி, முற்பணம் என்பன அதில் இடம்பெற வேண்டும். ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் யாருடைய செலவு, இறக்கும் இடத்தில் லொறி காத்திருக்க நேர்ந்தால் மேலதிகக் கட்டணம் உண்டா, வழியில் வேறு லொறிக்கு மாற்றுவதாயின் அனுப்புபவரின் சம்மதம் பெறப்பட வேண்டுமா என்பனவும் எழுதப்படுவது நன்று. இவற்றையெல்லாம் எழுதப் பத்து நிமிடங்கள்கூடச் செல்லாது. எமது உதாரணத்திலுள்ள கல்முனை வர்த்தகரின் கையில் இத்தகைய சீட்டு ஒன்று இருந்திருந்தால், நால்வரும் ஒருவர்மீது ஒருவர் பழி போடும் நிலை ஏற்பட்டிராது.

குறைந்த கூலியின் கணக்கு

லொறிக் கூலி என்பது டீசல், டயர் தேய்மானம், சாரதிக்கும் உதவியாளருக்குமான சம்பளம், குத்தகைத் தவணை, காப்புறுதி, திருத்தச் செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசலின் விலை, அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாக உயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். டீசல் எல்லோருக்கும் ஒரே விலைதான். ஆகவே, ஒருவர் ஏனையோரைவிட மிகக் குறைந்த கூலிக்கு வர இணங்கினால், அந்தக் குறைவை அவர் வேறெங்கோ ஈடுசெய்கிறார். தேய்ந்த டயர், ஓய்வற்ற சாரதி, கிழிந்த படங்கு, அளவுக்கு மீறிய சுமை, காப்புறுதியின்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதன் பின்னால் இருக்கக்கூடும்.

எனினும், குறைந்த கூலிக்கு நேர்மையான காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிக் கொழும்புக்கு வந்த லொறி, வெறுமனே திரும்பிச் செல்வதைவிடக் குறைந்த கூலிக்காவது சரக்கு ஏற்றிச் செல்ல விரும்பும். கிழக்கிலிருந்து அரிசி ஏற்றிவரும் லொறிக்கும் இது பொருந்தும். அவசரமற்ற, எளிதில் பழுதடையாத பொருட்களுக்கு இத்தகைய லொறிகள் இலாபகரமானவை. ஆனால், சுமை நிரம்பும் வரை அவை காத்திருக்கும் என்பதையும், வேறு எத்தகைய பொருட்களுடன் எமது பொருள் கலந்து ஏற்றப்படும் என்பதையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். கூலி ஏன் குறைவு என்ற கேள்விக்கு நியாயமான விடை கிடைத்தால் ஏற்றலாம். விடை கிடைக்காவிடில் விலகுவதே மேல்.

வண்டியும் சரக்கும் பொருந்த வேண்டும்

சீமெந்தும் சீனியும் மாவும் ஈரத்தைத் தாங்கா. தேயிலையும் வாசனைத் திரவியங்களும் அயலிலுள்ள மணத்தை ஈர்த்துக்கொள்ளும். நேற்றுக் கருவாடு ஏற்றிய லொறியில் இன்று தேயிலையோ பிஸ்கட்டோ ஏற்றினால் பொருள் போய்ச் சேரும், வாங்குவதற்கு ஆள் இருக்காது. மண்ணெண்ணெய், கிருமிநாசினி, உரம் ஆகியவற்றுடன் உணவுப் பொருட்களை ஏற்றுவது உயிராபத்தையே விளைவிக்கக்கூடியது. ஹலால் உணவுப் பொருட்களை வர்த்தகம் செய்வோர், லொறியில் முன்னர் எது ஏற்றப்பட்டது, தற்போது அதனுடன் வேறு எவை ஏற்றப்படவுள்ளன என்பதைக் கேட்டறிவதற்கு உரிமையும் கடமையும் உடையவர்களாவர்.

மரக்கறி, பழவகைகளில் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பின்னர் வீணாகின்றது என்பது இலங்கையில் நீண்டகாலமாக எடுத்துக்காட்டப்பட்டு வரும் மதிப்பீடாகும். இதில் சாக்கு மூடைகளில் அடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏற்றுவதற்குப் பெரும் பங்குண்டு. தக்காளி, பப்பாசி, மாம்பழம் போன்றவற்றை அனுப்பும் விவசாயிகள், பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி ஏற்ற இணங்கும், காற்றோட்டமுள்ள லொறிகளைத் தேட வேண்டும். ஒரே லொறியில் கொள்ளும் அளவு குறையலாம். ஆனால், சந்தையில் விலைபோகும் அளவு கூடும்.

பாதையும் சாரதியும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. கல்முனைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். சுமையேற்றிய லொறிக்கு இது இரவு முழுவதற்குமான ஓட்டம். பகலெல்லாம் சந்தையில் சுமை ஏற்றுவதைக் கண்காணித்த அதே சாரதி, இரவு முழுவதும் தனியாக ஓட்டுவாரானால், அதிகாலையில் அவருடைய கண்கள் மூடுவதைத் தடுப்பது கடினம். நெடுந்தூரப் பயணத்துக்கு இரண்டு சாரதிகளை அனுப்புகிறார்களா, அல்லது வழியில் உறங்குவதற்கு நேரம் ஒதுக்குகிறார்களா என்று கேட்பது சரக்கின் நலனுக்காக மட்டுமன்று, ஒரு மனித உயிருக்காகவும் கேட்கப்படும் கேள்வியாகும்.

பாதையின் தன்மையும் கவனத்துக்குரியது. கடுகண்ணாவை இறக்கமும் மஹியங்கனை வீதியின் 18 வளைவுகளும் அளவுக்கு மீறிச் சுமையேற்றிய லொறியின் பிரேக்கைச் சோதிப்பவை. ஹபரணையைச் சூழ்ந்த வீதிகளில் இரவில் காட்டு யானைகள் குறுக்கிடும். மழைக்காலத்தில் மலையகப் பாதைகளில் மண்சரிவும் கிழக்கில் வெள்ளமும் போக்குவரத்தைத் துண்டிக்கும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது நாட்டின் பல வீதிகளும் பாலங்களும் சேதமடைந்ததை நாம் கண்டோம். இத்தகைய வேளைகளில் மாற்றுப் பாதை எது, அதற்கான மேலதிகச் செலவு யாருடையது, பயணத்தை நிறுத்துவதாயின் சரக்கு எங்கே பாதுகாக்கப்படும் என்பவற்றுக்கு விடை வைத்திருப்பவரே தொழில் தெரிந்தவர்.

விசாரிப்பது எவ்வாறு?

ஒரு நிறுவனத்தைப் பற்றி அதே ஊருக்குச் சரக்கு எடுக்கும் மூன்று வர்த்தகர்களிடமாவது விசாரிக்க வேண்டும். “நல்லவர்களா?” என்று கேட்டால் “நல்லவர்கள்தான்” என்ற பதிலே கிடைக்கும். “எப்போதாவது பொருள் குறைந்ததா? குறைந்தபோது என்ன செய்தார்கள்? தாமதம் ஏற்பட்டபோது தாமாகத் தொலைபேசியில் அறிவித்தார்களா, அல்லது தொலைபேசியை அணைத்து வைத்தார்களா?” என்று கேட்க வேண்டும். எல்லோருக்கும் தவறு நேரும். தவறு நேர்ந்தபின் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்திலேயே அவருடைய நம்பகத்தன்மை தெரியவரும். புதிய நிறுவனத்திடம் முதற் தடவையிலேயே முழுச் சரக்கையும் ஒப்படைக்காது, சிறிய அளவொன்றை அனுப்பிப் பார்ப்பதும் நல்ல முறையாகும்.

ஏற்றும்போது எண்ணிக்கையைச் சாரதியுடன் சேர்ந்து சரிபார்த்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். படங்கு கிழியாததா, கயிறு இறுகக் கட்டப்பட்டதா என்பதை நேரில் பார்க்க வேண்டும். மூடிய கொள்கலனாயின் முத்திரை இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெறுபவர், பொருளைப் பார்வையிட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். குறைவோ சேதமோ இருப்பின் அதனைச் சீட்டிலேயே எழுதிச் சாரதியின் கையொப்பத்தையும் பெற்று, காப்புறுதி நிறுவனத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். “பிறகு பேசிக்கொள்ளலாம்” என்று வெறுமனே கையொப்பமிட்டுவிட்டால், பொருள் நல்ல நிலையில் கிடைத்ததாக நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அனுப்புபவரின் கடமை

நம்பகத்தன்மை ஒருபக்கத்துக்கு மாத்திரம் உரியதன்று. நிறையைக் குறைத்துக் கூறுவதும், பெறுமதியை மறைப்பதும், உடையும் பொருளைச் சரியாகப் பொதி செய்யாது கொடுப்பதும், பேசிய கூலியை வாரக்கணக்கில் இழுத்தடிப்பதும் எம்மவர் சிலரிடம் உள்ள குறைகளே. லொறியை நாள் முழுவதும் கடை வாசலில் காக்க வைத்துவிட்டு, விடியுமுன் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று சாரதியை விரட்டுபவர், அடுத்து நேரும் விபத்தில் தமக்குப் பங்கில்லை எனக் கூற முடியாது. நல்ல போக்குவரத்தாளரைத் தேடுபவர், தாமும் நல்ல வாடிக்கையாளராக இருத்தல் வேண்டும். அவ்வாறானவருக்கே நெருக்கடிக் காலத்தில் முதலில் லொறி கிடைக்கும்.

“இவ்வளவு காலமும் நம்பிக்கையில்தானே தொழில் செய்தோம், இப்போது எழுதிக் கேட்டால் மனம் நோகாதா?” என்று சிலர் வினவலாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் வலியுறுத்துகிறது. ஒருவரை ஆராய்ந்து தெளிந்த பின்னரே நம்ப வேண்டும் என்பதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது திருக்குறள். எழுதுவது நம்பிக்கையின்மையின் அடையாளம் அன்று. நம்பிக்கை முறியாதிருப்பதற்கான காவலே அது. கல்முனை வர்த்தகரும், லொறி உரிமையாளரும், தரகரும் இன்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதற்குக் காரணம், அவர்களில் எவரும் மோசமானவர் என்பதன்று. புறப்படுமுன் கேட்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படவில்லை என்பதே. அடுத்த லொறி வாசலில் வந்து நிற்கும்போது, முதல் மூடை தோளில் ஏறுமுன் அக்கேள்வியைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்வோமாக.